கட்டையில் தொடங்கும் தவில்

வல்வெட்டித்துறையில் தவில் கேட்காமல் வளர்ந்தவர் எவரும் இல்லை. முத்துமாரி அம்மன் திருவிழா, அது சித்திரைப் பௌர்ணமியில் முடியும் நாளில் வரும் இந்திர விழா, சிவன் கோயில், நெடியகாட்டுப் பிள்ளையார் என்று மேளச் சத்தம் ஊரை விட்டு விலகுவதேயில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால், அது யாரோ தன் உடம்பை வருத்திச் செய்யும் வேலை என்று நினைக்கத் தோன்றுவதில்லை. வளர்ந்த பிறகு தவில் பழகப் போனதால்தான் எனக்கு அந்த நினைப்பு வந்தது.

மாஸ்டர் தன் வீட்டுத் திண்ணையில் வைத்துச் சொல்லிக் கொடுப்பார். ஒரு நேரத்துக்கு ஒருவர்தான். தவில் உறைக்குள் மூலையில் இருந்தது. என் முன்னால் வைத்தது ஒரு மரக்கட்டையும் ஒரு பூவரசங் கழியும். இடக்கையில் கழி, வலக்கையில் வெறும் விரல். அதற்கும் முன்னால் வாய்.

"தம்பி, வாயில வராதது கையில வராது. தாளத்தைப் போட்டுக்கொண்டு சொல்லுங்கோ."

தகதிமி என்று நான்காக நடப்பது சதுஸ்ரம். தகிட என்று மூன்றாக நடப்பது திஸ்ரம். தகதகிட என்று ஐந்தாக நடந்தால் கண்டம். கையில் ஆதி தாளத்தின் 8 அட்சரம் மாறாமல் ஓட, வாய் ஐந்தைந்தாக எண்ண வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு இரட்டிப்பு, பிறகு அதற்கும் இரட்டிப்பு. வேகத்தை மாஸ்டர் பெரிதாக எடுப்பதில்லை. அவர் காது கொடுப்பது இரண்டு சொல்லுக்கு நடுவில் விடும் இடத்துக்கு. அது ஒரு மயிரிழை குறைந்தாலும் "ஓடாதேங்கோ" என்பார். கண்ணை மூடிக்கொண்டு வெற்றிலை போடுகிறவர் அதை எப்படிப் பிடிக்கிறார் என்று எனக்கு இன்றும் வியப்பு. இப்படியொரு காது பக்கத்தில் இருப்பதற்காகத்தான் ஆளுக்கு ஆள் நேரே இருந்து பழக வேண்டும். கைப்பேசியில் பார்த்துப் பழகினால் சொல் வரும், இடைவெளி வராது.

ஒருநாள் உறையைக் கழற்றிக் காட்டினார். தவிலின் உடல் ஒரே பலாக் கட்டையைக் குடைந்தது. வலந்தலைக்கு எருமைத் தோல், இடந்தலைக்கு ஆட்டுத் தோல். மிருதங்கத்தில் இருக்கும் கறுப்புக் கரணை இதன் வலந்தலையில் இல்லை. அந்தக் கரணையால்தான் மிருதங்கம் சுருதியோடு இசைகிறது என்று சி. வி. இராமன் 1920இல் எழுதினார். தவிலின் ஒலி இறுக்கிய தோலிலிருந்தும் விரலில் மாட்டும் கூட்டிலிருந்தும் எழுகிறது. துணியைப் பசையில் தோய்த்து விரலில் சுற்றிக் காயவிட்டு எடுப்பதுதான் கூடு. அவரவர் விரலுக்கு அளவாகச் செய்வதால் இன்னொருவருடையதை வாங்கிப் போட முடியாது. முன்பு வாரை இழுத்துத் தோலை இறுக்குவார்கள், அதற்கே தனி உடல்வலு வேண்டும். இப்போது இரும்பு வளையமும் நட்டும் போல்ட்டும் வந்து அந்தப் பாடு குறைந்தது. ஆனால் தவிலின் கனம் கூடிவிட்டது. அதைத் தோளில் கொழுவிக்கொண்டு வீதி முழுக்கச் சாமிக்கு முன்னால் நடக்கிறார்கள். மாஸ்டரின் தோளில் நாடா பதிந்த தழும்பைப் பார்த்த பிறகு, தேரன்று மேளம் சற்று ஓய்ந்தால் முகம் சுளிக்கும் எங்கள் வழக்கம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கெட்டிமேளத்தைப் பற்றிக் கேட்டேன். "ஐயர் கையைத் தூக்கினவுடனை முழுக் கையும் விழவேணும். மெல்லமாத் தொடங்கிக் கூட்ட ஏலாது. அதுக்கு இன்னும் காலம் கிடக்கு" என்றார். தாலி கட்டும் அந்தச் சில நொடிகளுக்குப் பின்னால் எத்தனை ஆண்டுச் சாதகம் இருக்கிறது என்று அப்போது புரிந்தது.

யாழ்ப்பாணத்தில் தவில் என்றால் தெட்சணாமூர்த்தி. 1933இல் இணுவிலில் பிறந்து, அளவெட்டியில் வாழ்ந்து, 1975இல் 42 வயது நிறையுமுன் மறைந்தார். தமிழ்நாட்டு நாதஸ்வர மேதைகள் தேடி அழைத்த கை அது. அவரும் தவில் வித்துவான் விஸ்வலிங்கத்தின் மகன்தான். நெடுங்காலம் இந்தக் கலை இசை வேளாளர் குடும்பங்களுக்குள் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போனது. மேளச்சமாவுக்கு விடியும்வரை விழித்திருந்த இந்தக் குடாநாடு, வாசித்தவர்களைப் பந்தியில் சமமாக இருத்தத் தயங்கியது. அது அநியாயம், அதன் மிச்சம் இன்னும் இருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு, தலைமுறை தலைமுறையாகக் காத்த சொற்கட்டுகளை வெளியாள் ஒருவனுக்கு மாஸ்டர் ஒளிக்காமல் சொல்லித் தருகிறார். மாதாமாதம் நான் வைக்கும் காசோடு அந்தக் கடன் தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

அவருடைய பிள்ளைகள் தவிலை எடுக்கவில்லை. அதை அவர் குறையாகச் சொல்வதும் இல்லை. தோல் விலை, கோயில்காரர் பேரம், நித்திரை முழிப்பு எல்லாவற்றையும் கண்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் பின்னேரங்களில் பள்ளிக்கூடச் சட்டையோடு வந்து கட்டைக்கு முன்னால் இருக்கும் சிறுவர்களிடம் அவர் குரல் தனியாகக் கனிகிறது.

திருவிழாக் காலம் தொடங்கியதும் வகுப்பு நின்றுவிட்டது. இரவில் ஒரு கோயில், விடிந்தால் கல்யாண வீடு. ஆவணி கழிந்த பிறகு, ஏழாக நடக்கும் மிஸ்ரம் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அதுவரை கண்டத்தை மூன்று காலத்திலும் கட்டையில் சாதகம் பண்ண வேண்டும். கழி ஒன்றும் புதிதாகச் செதுக்க வேண்டும். பூவரசு எங்கள் வேலியிலேயே நிற்கிறது.