காணாத வண்டிக்குக் கையெழுத்து

ஆடி மாதம் குருநாதசாமி கோயில் பண்டிகைக்கு அந்தியூர்ப் புதுப்பாளையம் வந்தால், குதிரை வாங்குகிறவர் எப்படி வாங்குகிறார் என்று கிட்டத்தில் நின்று பார்க்கலாம். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று விரலால் தடவித் தேடுவார். நடக்கவிட்டு, ஓடவிட்டுப் பார்ப்பார். இத்தனைக்கும் பிறகுதான் துண்டுக்குள் கை போகும், விலை பேச. அந்தச் சந்தையைப் பார்த்து வளர்ந்த என் அக்கா மகன், போன வாரம் கோயமுத்தூரில் ஒரு கோடி ரூபாய் வண்டிக்கு, வண்டியைக் கண்ணால் காணாமலே கையெழுத்துப் போட்டான். பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன்.

அவனுக்குக் கோயமுத்தூரில் சின்னதாக ஒரு மெஷின் ஷாப். பம்புக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கிற தொழில். அளவில் ஒரு மயிரிழை பிசகினாலும் பீஸை எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவான். கடன் எல்லாம் அடைந்த பிறகு, 'மாமா, எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு வாங்கிக்கறேன்' என்றான். பிஎம்டபிள்யூ எம்2. ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர், இரட்டை டர்போ, 480 குதிரைத்திறன். பின்சக்கரம்தான் தள்ளும். அதிலும் அவன் கேட்டது கையால் மாற்றுகிற ஆறு கியர். வண்டி கட்டப்படுவது மெக்சிகோவில், சான் லூயிஸ் பொடோசி ஆலையில். இங்கே நாம் சொல்லி அனுப்ப, அங்கே கட்டி, கப்பலேற்றி விடுவார்கள்.

பவானி வந்து, பெருந்துறை, அவிநாசி வழியாகப் போனோம். கோல்டுவின்ஸில் மேலே ஏறினால் உப்பிலிபாளையம் வரைக்கும் ஜி.டி.நாயுடு மேம்பாலம், 10.1 கிலோமீட்டர், நிற்காமல் போய்விடலாம். நாங்கள் ஏறவில்லை. ஷோரூம்கள் கீழ்ச்சாலையில்தான்.

ஓட்டிப் பார்க்கக் கேட்டான். எம்2 அங்கே இல்லை. இந்த மாதிரி வண்டியை எந்த ஊரிலும் ஓட்டிப் பார்க்க நிறுத்தி வைத்திருப்பது அபூர்வம். அதற்குப் பதிலாக எம்340ஐ வண்டியைக் கொடுத்தார்கள். அது செங்கல்பட்டுப் பக்கத்து ஆலையில் நம் ஆட்களே கோக்கிற வண்டி. நல்ல வண்டிதான். ஆனால் அதில் ஆட்டோமேட்டிக் கியர், நாலு சக்கரமும் இழுக்கும். இவன் வாங்கப் போவதோ வேறு பிறவி. இருந்தாலும் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தான். வேகத்தை அவன் பார்க்கவே இல்லை. சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, முழங்கை எங்கே மடங்குகிறது, முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறதா, தலைக்கு மேல் எத்தனை விரல் இடம் என்று அளந்துகொண்டிருந்தான். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நாலைந்து தரம் மிதித்துப் பார்த்தான். வாங்கப் போகிற வண்டி இல்லாத இடத்தில் பார்க்கக்கூடியது தன் உடம்பு அதில் பொருந்துமா என்பதைத்தான். அது சரியான பார்வை என்று எனக்குப் பட்டது.

சேல்ஸ் தம்பி கோபிக்காரர். அந்தியூர் என்றதும் பேச்சு இறங்கி வந்துவிட்டது. 'அண்ணா, ஆட்டோமேட்டிக்கே எடுத்துக்குங்களேன். நூறு கிலோமீட்டர் வேகத்தை 4 செகண்டுல தொட்டுருமுங்க. கைக்கியர்னா 4.2 ஆகும். விக்கறப்பவும் ஆட்டோமேட்டிக்குக்குத்தான் கிராக்கி. வேறொரு ஊர்ல வெள்ளைக் கலர் ரெடியா நிக்குது, கொஞ்ச நாள்ல கொண்டாந்தரலாமுங்க' என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மாப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டான். '0.2 செகண்டு போனாப் போகுதுங்க. கியரை நாந்தான் போடணும்.' தம்பி அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. தயாராக நிற்கிற வண்டி யாரோ ஒருவருக்காக யோசித்துக் கட்டியது. சொல்லிக் கட்டுவது என்றால் அந்த யோசனை நம்முடையதாக இருக்க வேண்டும். காத்திருக்கும் மாதங்களுக்கு அதுதான் ஈடு.

பிறகு வண்ணம். உள்ளங்கை அளவுக்கு வளைந்த சின்னச் சின்னத் தகடுகள், கார்க் கதவு வளைகிற மாதிரியே வளைத்து, பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். சான்ட்வோர்ட் நீலத்தை எடுத்தான். உள்ளே, விளக்கடியில், அது வெளுத்த பொம்மை நீலமாகத் தெரிந்தது. 'இதை வெளிய எடுத்துட்டுப் போலாமுங்களா?' என்று கேட்டு, பார்க்கிங்குக்குக் கொண்டுபோய் உச்சி வெயிலில் பிடித்தான். தகட்டைத் திருப்பத் திருப்ப நீலத்துக்கு ஆழம் கூடியது. வளைவின் ஓரத்தில் நிழல் விழுந்த இடம் கிட்டத்தட்டக் கருநீலம். குதிரையைக் கொட்டகைக்குள் பார்த்து விலை பேசுகிறவர் எங்கள் ஊரில் இல்லை, வெளியே கொண்டுவரச் சொல்லித்தான் பார்ப்பார். அந்தப் பழக்கம் அவன் கையில் தானாக வந்ததைப் பார்த்தபோது மனம் நிறைந்துவிட்டது.

விலைக்கு வந்தோம். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். முழுதாகக் கட்டி இறக்குமதியாகிற, 40,000 டாலருக்கு மேற்பட்ட பெட்ரோல் காருக்குச் சுங்கமும் செஸ்ஸும் சேர்ந்து 110 சதவீதம். துறைமுகத்தில் நூறு ரூபாயாக இறங்குவது 210 ஆகிவிடும். அந்த 210க்கு மேல் 40 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 294. இதற்குப் பிறகுதான் கம்பெனி, டீலர் லாபமெல்லாம். நம் மாநில ஆயுள்கால வரி தனி. 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 2023 நவம்பரிலிருந்து 20 சதவீதம். கோடி ரூபாய் வண்டி என்றால் 20 லட்சம் அதற்கே போகும். 10 லட்சத்தைத் தாண்டிய வண்டி என்பதால் ஒரு சதவீதம் டிசிஎஸ். இது மட்டும் வருமான வரிக் கணக்கில் கழியும், ஆடிட்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸும் உண்டு. விளம்பரத்தில் போடுகிற ஷோரூம் விலையைப் பார்த்து மனக்கணக்குப் போடுகிறவர், கடைசித் தாளில் திகைத்துப் போவார்.

புக்கிங் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. டெலிவரி நாளில் என்ன விலையோ அதுதான் செல்லும் என்று. கார்ப் படிவங்களில் இந்த வரி வழக்கமாக இருப்பதுதான். டாலர் ஏறினால், வரி மாறினால், சுமை வாங்குகிறவர் தலையில். முன்பணம் எவ்வளவு, நடுவில் வேண்டாம் என்றால் எவ்வளவு திரும்பும், என்றைக்குப் பிறகு வண்ணத்தையோ சீட்டையோ மாற்ற முடியாது, மூன்றையும் எழுதி வாங்கச் சொன்னேன். தம்பி முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார்.

எனக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. பல வருஷத்துக்கு முன்பு, வேறொரு ஊரில், வேறொரு கடையில் குடும்பத்துக்கு ஒரு கார் எடுத்தேன். ஏர்பேக் உள்ள மாடல் வேண்டும் என்று வாயால் சொன்னேன். 'ஆகட்டுங்க' என்றார்கள். தாளில் இருந்தது வேறு மாடல். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். வந்த வண்டியில் ஏர்பேக் இல்லை. பின்னால் மாட்டிக்கொள்கிற பொருளா அது? ஆறு வருஷம் அந்த வண்டியில்தான் என் பிள்ளைகளை ஏற்றிப் போனேன். ஏறும்போதெல்லாம் உறுத்தும்.

அதனால் ஆர்டர் தாள் வந்ததும் நான் வாய்விட்டுப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறியீடு. கியர், சீட், கூரை, சக்கரம், தையல் நூலின் நிறம்கூட. மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டான். 'கியர்பாக்ஸ், மேனுவல்' என்றபோது மட்டும் பேனாவை நிறுத்தி இரண்டு முறை படிக்கச் சொன்னான்.

இவ்வளவு எதற்கு, வந்த பிறகு மாற்றிக்கொண்டால் போகிறது என்று நினைக்கலாம். அந்த வழி அடைபட்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, தயாரித்தவர் குறித்த அளவிலிருந்தும் ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்திலிருந்தும் வண்டி மாறக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. சத்தத்துக்காக சைலன்ஸரை மாற்றுவது, அகல டயர் போடுவது எல்லாம் பிறகு வம்புதான். இன்சூரன்ஸ்காரர் விபத்து நாளில் முதலில் பார்ப்பதும் அதைத்தான். ஆக, இந்த வண்டிக்கு வேண்டியதெல்லாம் இந்தத் தாளிலேயே இருந்தாக வேண்டும்.

டயர் அளவையும் குறித்துக்கொண்டோம். முன்னால் 19 அங்குலம், பின்னால் 20. பின் டயரின் அகலம் 285. பவானியிலோ கோபியிலோ இந்த டயரைக் கேட்டுப் போவது வீண். கோயமுத்தூரிலும் சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று கேட்டேன். வண்டி வந்து இறங்கியதும், பதிவுக்குப் போகும் முன்னால், பகல் வெளிச்சத்தில் நாங்கள் பார்க்க வேண்டும். பெயின்ட், கண்ணாடியில் உள்ள தேதி, டயரில் உள்ள வாரம், 17 எழுத்து சேஸிஸ் நம்பர், ஓடிய கிலோமீட்டர். பதிவாகிவிட்டால் குறையோடும் அது நம் வண்டிதான். பல்லைப் பிடித்துப் பார்க்கிற வேலை இதில் கடைசியில் வருகிறது, அவ்வளவுதான். 'தாராளமா பாருங்க ஐயா' என்றார் தம்பி. அதையும் எழுதி வாங்கினோம். பிறகுதான் கையெழுத்து.

வெளியே டீ குடிக்கும்போது, 'மாமா, என்னைச் செட்டிபாளையம் கூட்டிட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?' என்றான். இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பஸ்ஸில் கூட்டிப் போனேன். கரி மோட்டார் ஸ்பீட்வே, 2003இல் திறந்தது, 2.1 கிலோமீட்டர் சுற்று. மாருதி 800 எஞ்சினை வைத்து இங்கேயே பந்தயக் கார் கட்டி, ஃபார்முலா மாருதி என்று ஓடவிட்ட கரிவர்தன் பேரில் உள்ள தடம். 1995இல் விமான விபத்தில் அவர் போய்விட்டார். சொல்லி வாங்க டீலர் இல்லாத காலத்தில் சொந்தமாகக் கட்டிக்கொண்டவர். 480 குதிரையை பவானி ரோட்டில் அவிழ்த்துவிட முடியாது, விடவும் கூடாது. டிராக்டரும் பால்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகிற ரோடு அது. செட்டிபாளையத்தில் ஓட்டிக்கொள்கிறேன் என்று டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே எனக்கு வாக்குக் கொடுத்தான்.

அந்தியூர் வந்து சேர இருட்டிவிட்டது. அக்கா வாசலில் நின்று, 'வண்டி எங்கடா?' என்றாள். ஆர்டர் தாளைக் கொடுத்தான். அவள் அதைக் கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டிருக்கும்போதே, இவன் டேப்பை எடுத்துவந்து வாசல் சரிவை அளக்க ஆரம்பித்துவிட்டான். டிராக்டர் ஏறுவதற்காக அப்பா போட்ட சரிவு. செங்குத்தாக இருக்கும். தாழ்ந்த வண்டி ஏறினால் முன்மூக்கு தரையைத் தட்டும். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். ஒருபக்கம் இரண்டடி வெளியே இழுத்துப் பூசினால் சரியாகிவிடும் என்றான். கொத்தனாரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறது.