கோட்டூர்புரத்தில் ஒரு 'கேட்' கூட்டம்!

பறக்கும் ரயிலில் கோட்டூர்புரத்தில் இறங்கி, அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. 2010-ல் திறந்த கட்டடம் இது. 2011-லேயே இதைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போறதா அரசு அறிவிச்சது. உயர் நீதிமன்றம் தடை போட்டதால தப்பிச்சது. நமக்கும் உட்கார இடம் மிஞ்சிச்சு!

மேல் மாடிகளை இன்னொரு நாள் பார்க்கலாம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற பகுதிக்கு வாங்க. ஒரு பக்கம் டி.என்.பி.எஸ்.சி., பேங்க் எக்ஸாம் ஆட்கள். நடுநடுவே நம்ம இன்ஜினீயரிங் இனம், 'கேட்' தேர்வுக்காக.

புதுசா ஆரம்பிச்சவங்களைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சிடலாம். முதல் மாதிரித் தேர்வில் நூற்றுக்கு இருபதைத் தொடாம, செல்போனைக் கவுத்து வெச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க. செமஸ்டர்ல எட்டு பாயின்ட், இங்கே இவ்வளவுதானா? 'எம்.டெக் ஆசையை மூட்டை கட்டிடலாமா?'னு முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கும்.

கட்டாதீங்க பாஸ்! எல்லாம் பழக்க தோஷம். செமஸ்டர்ல 13 மார்க் கேள்விக்கு விடை தப்பினாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. தெரியாததுக்கும் பக்கத்தை நிரப்பியே மூணு வருஷம் ஓட்டியாச்சு. 'கேட்'டில் ஸ்டெப்பை யார் பார்க்கிறா?

கேன்டீனில் ஓர் அக்கா. வேலையை விட்டுட்டு ரெண்டாவது தடவை எழுதறாங்க. டீயை ஆத்திக்கிட்டே கணக்கு போட்டாங்க: "நாலு ஆப்ஷன்ல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற 2 மார்க் கேள்வி பன்னிரண்டை குருட்டாம்போக்குல அடிக்கிறேன்னு வை. சராசரியா மூணு சரியாகும், ஆறு மார்க். மிச்சம் ஒன்பது தப்பு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க்குல மூணுல ரெண்டு பங்கு போயிடும். அதுவும் ஆறு. கையில என்ன மிச்சம் தம்பி?"

ஒண்ணுமில்லை. நேரம்தான் வேஸ்ட்! மூணு மணி நேரத்துல 65 கேள்வியாச்சே. ஆனா, எண்ணை டைப் பண்ற கேள்விக்கு மைனஸ் கிடையாது. அதைச் சும்மா விடாதீங்க. நம்ம பழைய கால்குலேட்டரும் ஹாலுக்குள்ள வராது. திரையில இருக்கிறதை மவுஸால அமுக்கணும். முதல் நாள் ஆமை வேகம்தான், வீட்டுலயே பழகுங்க.

கோச்சிங் ஃபீஸ் கேட்டா அப்பா முகம் மாறுதா? என்.பி.டி.இ.எல். வீடியோ பாடங்களைப் பார்க்கக் காசு வேண்டாம். முந்தைய வருஷக் கேள்வித்தாள்களும் இலவசமாவே கிடைக்குது. முழு டெஸ்ட்டை அப்புறம் பார்த்துக்கலாம். ஒரு பாடம் முடிச்சதும் அதுல வந்த பழைய கேள்விகளை மட்டும் போடுங்க. எல்லாப் பிரிவுக்கும் பொதுவான ஆப்டிட்யூட் 15 மார்க்கை கடைசி வாரத்துக்குத் தள்ளாதீங்க.

டீ முடிஞ்சதும் அக்கா எழுந்துட்டாங்க. இன்னிக்கு இன்னும் ஒரு பழைய பேப்பர் பாக்கியாம். நீங்க போனா சீக்கிரமே போங்க. பிளக் பாயின்ட் பக்கத்து சீட்டுக்கு அங்கே பயங்கர போட்டி!