பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை

கொழும்பிலிருந்து புத்தளம் போகும் பெருவீதியில், நகரை எட்டுவதற்குச் சற்று முன்னால் பாலாவிச் சந்தி வருகிறது. அங்கே இடப்பக்கம் பிரியும் வீதி ஏறக்குறைய 40 கிலோமீற்றர் ஓடிக் கற்பிட்டியில் முடிகிறது. தொடக்கத்தில் உப்பளங்கள். பிறகு வீதி களப்பின் தென்முனையைச் சுற்றி வடக்கே திரும்பும்போது நிலம் ஒடுங்கிவிடும். வலப்பக்கம் புத்தளம் களப்பு, இடப்பக்கம் பெருங்கடல், நடுவே மணல். அந்த மணலில் கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிக்கிறார்கள். இந்த வீதியோரத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்தை எப்படிக் காப்பாற்றி வந்தார்கள், அது அவர்களை எப்படிக் காப்பாற்றியது என்பதைத்தான் வழிநெடுக யோசித்துக்கொண்டு போனேன்.

பாலாவிக்கு வடக்கே புத்தளம். 1690ஆம் ஆண்டில் அது கண்டி அரசனின் துறை. கடலோரத்தின் பெரும்பகுதி ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1658இல் போர்த்துக்கேயரை முற்றாக விரட்டிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரையும் வெளியேற்றினார்கள். ஒளித்துவைப்பவர்களுக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறப்பித்தார்கள். குருவில்லை, பூசையில்லை, வெளிப்படையாகச் செபிக்க இடமுமில்லை. அந்த நிலையில்தான் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குரு 1687இல் கூலியாள் வேடத்தில், நோயோடு யாழ்ப்பாணத்தில் கரையிறங்கினார். மூன்று ஆண்டுகள் கழித்துப் புத்தளம் வந்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய உளவாளி என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். 1711இல் கண்டியிலேயே இறந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 அன்று கொழும்புக் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

வாஸ் அடிகளின் புதுமைகளைப் பற்றி நிறையச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அவர் செய்துவைத்த ஓர் ஏற்பாடு. தான் எல்லா ஊரிலும் இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே ஊருக்கு ஒரு மூப்பர், ஓர் அண்ணாவி என்று சாதாரண மக்களிலிருந்தே ஆட்களை வைத்தார். மூப்பர் கோயிலையும் சனத்தையும் பார்த்துக்கொள்வார். அண்ணாவி செபம் சொல்லிக்கொடுப்பார், நோயாளியின் பக்கத்தில் இருப்பார், சாவு வீட்டில் மன்றாட்டை நடத்துவார். குரு வர ஆண்டுக்கணக்கானாலும் ஊர் செபிக்கும். வாஸுக்குப் பின்னால் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இந்த மக்களுக்காகத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ இன்றைக்கும் தவக்காலத்தில் ஒப்பாரிக்குரிய இராகத்தில் படிக்கப்படுகிறது. ஆண்டவரின் பாடுகளுக்காக அழும்போதே அவரவர் வீட்டுத் துக்கமும் சேர்ந்து கரையும். அழ இடம் கொடுக்காத ஆறுதலை எங்கள் சனம் ஒருநாளும் நம்பியதில்லை.

வீதி நுரைச்சோலைக்கு வருகிறது. தென்னைகளுக்கு மேலே நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி தெரியும். 300 மெகாவாற் அலகுகள் மூன்று. முதலாவது 2011இல் இயங்கத் தொடங்கியது. கடலோரத்து மக்களும் கத்தோலிக்கத் திருச்சபையும் நெடுங்காலம் எதிர்த்தும் அது அங்கேதான் வந்தது. நாட்டுக்கு வெளிச்சம் கிடைத்தது. கரித்தூசி இந்த ஊர்களுக்கு மிச்சமானது.

இந்தத் தீபகற்பத்தில் துன்பம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய அவர்களது குடியிருப்புகளைக் கடந்துதான் தலவிலவிலுள்ள அன்னம்மாள் கோயிலுக்குப் போகும் யாத்திரீகர் போகவேண்டும். அடுத்தவன் பட்ட பாட்டைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொல்லிப் போகிறவருக்கு அந்த யாத்திரையால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

தலவில வருகிறது. புனித அன்னம்மாள் திருத்தலம் கடற்கரையிலேயே, மரங்களுக்கு நடுவே இருக்கிறது. இப்போதுள்ள கோயில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. மார்ச்சில் ஒரு திருவிழா, ஓகஸ்டில் பெரிய திருவிழா. நீர்கொழும்பு, சிலாபம், மன்னார், கொழும்பு என்று எல்லாப் பக்கத்துச் சனமும் லொறியிலும் பஸ்ஸிலும் சட்டி பானையோடு வந்து கொட்டில் போட்டுத் தங்கும். பூசை தமிழிலும் நடக்கும், சிங்களத்திலும் நடக்கும்.

கோயில் தோன்றியதற்கு இரண்டு மரபுக்கதைகள் உண்டு. ஒன்றில், கப்பல் உடைந்து கரையேறிய போர்த்துக்கேய வணிகன் அன்னம்மாள் படத்தை ஒரு மரத்தடியில் வைத்து, வியாபாரம் தழைத்தால் திரும்பிவந்து கோயில் கட்டுவேன் என்று நேர்ந்துகொள்கிறான். மற்றதில், வேலை தேடிக் கால்நடையாகக் கொழும்புக்குப் போகும் ஓர் ஏழை, களைத்து மரத்தடியில் உறங்கி, அன்னம்மாளைக் காண்கிறான். எது நடந்தது என்ற ஆராய்ச்சியை வரலாற்றாளருக்கு விட்டுவிடலாம். என்னைத் தொடுவது இரண்டிலும் வருபவர்களின் நிலைமை. ஒருவன் முதலை இழந்தவன், மற்றவன் தொழில் இல்லாதவன். படையெடுத்து வென்ற தளபதியோ செல்வம் குவித்த முதலியாரோ இந்தக் கதைகளில் இல்லை. அதனால்தான் கடன்பட்டவரும், பிள்ளைக்காக ஏங்கும் பெண்ணும், வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போன மகளுக்காக மெழுகுதிரி கொளுத்தும் தாயும் இந்தக் கோயில் மணலில் கூச்சமில்லாமல் உட்காருகிறார்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. ஹோட்டல்களில் இறந்தவர்களையும் சேர்த்தால் 260 பேருக்கு மேல். கட்டுவாப்பிட்டியவில் மட்டும் நூற்றுக்கு மேல். கொச்சிக்கடையும் கட்டுவாப்பிட்டியவும் தலவிலவுக்கு ஆண்டுதோறும் வரும் சனத்தின் சொந்த ஊர்கள். அடுத்த மாதமே இந்த மாவட்டத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார். கர்தினால் மல்கம் ரஞ்சித் பழிவாங்க வேண்டாம் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையைப் புதைத்த கையோடு அந்தச் சொல்லுக்குச் செவிகொடுத்த பெற்றோர் எத்தனையோ பேர். கட்டுவாப்பிட்டியவில் இரத்தம் தெறித்த உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தை அப்படியே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். விசுவாசம் ஒருவருக்குக் கொடுக்கும் பலம் என்ன என்று கேட்பவரை அந்தச் சுரூபத்துக்கு முன்னால்தான் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துவேன்.

தலவிலவுக்கு வடக்கே, பிரதான வீதியை விட்டுக் கடல்பக்கம் திரும்பினால் கண்டக்குழி. மீன்பிடிக் கரை. ஓங்கில் பார்க்க வரும் உல்லாசப் பயணிகளுக்கும் இந்தப் பெயர் தெரியும். எதிரே கடலுக்குள் இருக்கும் பெரிய பவளப்பாறைத் திட்டு 1992இலிருந்து காக்கப்பட்ட பகுதி. கரையில் கிடக்கும் கண்ணாடியிழைப் படகுகளில் அந்தோனியார், செபஸ்தியார், வேளாங்கண்ணி மாதா. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும், தொழில் நடக்கும். மே மாதம் சோளகம் எழுந்தால் படகைக் கரையேற்றிவிட வேண்டியதுதான். சிலர் கிழக்குக் கரைக்குத் தொழிலுக்குப் போவார்கள். மற்றவர்கள் அடகும் கடனுமாக நாளைத் தள்ளுவார்கள். அன்னம்மாளின் பெரிய திருவிழா அந்தக் காலத்தில், கையில் காசில்லாத ஓகஸ்டில்தான் வருகிறது. இருந்தும் போகிறார்கள். உள்ளவன் அரிசி கொண்டுவருவான், இல்லாதவன் விறகு வெட்டுவான். ஒரே அடுப்பில் வேகும்.

2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் இவற்றையெல்லாம் விடக் கொடியது. மாதக்கணக்கில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் எஞ்சின்கள் உறங்கின. கிடைக்கத் தொடங்கியபோது லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. ஒருநாள் கடலுக்குப் போகும் செலவைப் பிடித்த மீன் மீட்டுத் தராத கணக்கு அது. செபித்தால் விலை இறங்கிவிடும் என்று கரையில் எவரும் எண்ணவில்லை. ஒருவர் எண்ணெயில் இருவர் சேர்ந்து போவதும், கரைவலைக் கயிற்றில் ஓர் ஆள் கூடுதலாகப் பிடித்துப் பங்கு வாங்குவதுமாகக் காலம் போனது. சம்மாட்டியும் கூலியும் ஒரே கயிற்றை இழுக்கும் அந்த மணலில் ‘அனுதின அப்பம்’ என்ற மன்றாட்டுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

வீதி முடியும் கற்பிட்டியில் ஒல்லாந்தரின் கோட்டை நிற்கிறது. 1667இல் கட்டத் தொடங்கினார்கள். அந்த இடத்தில் முன்பு இயேசு சபையாரின் சிற்றாலயம் இருந்தது. இப்போது கடற்படை அங்கே இருக்கிறது. பக்கத்தில் 1706ஆம் ஆண்டின் ஒல்லாந்தச் சீர்திருத்த தேவாலயம். கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளைப் பிரித்தானியர் 1806இல் நீக்கினார்கள். கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு மூப்பர்களும் அண்ணாவிகளும் காத்த செபம் அதற்குப் பிறகு வெளிச்சத்துக்கு வந்தது.

கற்பிட்டித் துறையிலிருந்து பத்தலங்குண்டுத் தீவுக்குப் படகு போகிறது. அங்கே வாடிபோட்டு வாழும் மீன்பிடிக் குடும்பங்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அரிசியைப் போல, எஞ்சின் எண்ணெயைப் போல, பூசை வைக்கும் சுவாமியும் கரையிலிருந்து படகேறித்தான் போகவேண்டும். கடல் விடாத ஞாயிறுகளில் அங்குள்ள ஒருவரே செபமாலையைத் தொடங்கி வைக்கவேண்டும்.