ராத்திரியில் உட்காரும் வண்டி

காலை ஏழு மணிக்கே வரச் சொல்லியிருந்தார் மெக்கானிக். கோவை கணபதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே உள்ள அந்தப் பணிமனைக்குள் நான் நுழைந்தபோது, யாரையும் காரைத் தொடவிடாமல் காவல் நின்றுகொண்டிருந்தார்.

"கதவத் தொறந்தாலே கம்ப்யூட்டர் முழிச்சுக்கும் தம்பி. காத்த ஏத்தி வண்டிய நிமித்திப்போடும். அப்புறம் ராத்திரி என்ன நடந்துச்சுன்னு நமக்குத் தெரியாமப் போயிருமுங்க."

சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து, நேற்று மாலை நான்கு மூலைகளையும் அளந்து வைத்திருந்தார்கள். இப்போது அவருடைய உதவியாளரான, பாலிடெக்னிக் முடித்த பெண், மறுபடி அளந்தாள். பின்பக்க இடது மூலை மட்டும் 38 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

பத்து வருடம் ஓடிய ஜெர்மன் சொகுசு கார் அது. சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நான்கு சக்கரத்திலும் காற்றடைத்த ரப்பர்ப் பை. பட்டறையில் அதை பெல்லோ என்கிறார்கள். உயரத்தைச் சொல்ல ஒவ்வொரு மூலையிலும் ஒரு சென்சார், காற்றைப் பிரித்து அனுப்ப ஒரு வால்வுக் கட்டை, காற்று ஏற்ற ஒரு கம்ப்ரஸர். வேறோர் இடத்தில் ஒரே வருடத்தில் இரண்டு முறை கம்ப்ரஸரை மாற்றியிருக்கிறார்கள். இரண்டும் செத்துப்போயின. ஸ்கேனரைச் செருகினால் இப்போதும் கம்ப்ரஸர் அதிகச் சூடு என்றுதான் எரர் கோடு வருகிறது.

"சூடாச்சுன்னு அது சொல்றது நெசம். ஏன் சூடாச்சுன்னு அதுக்குத் தெரியாதுங்க."

எனக்கு இந்த வேலையின் உயிரே அந்த 'ஏன்' என்று பட்டது. எங்கோ காற்று கசிகிறது. குறைந்ததை நிரப்ப, ஓய்வெடுக்க வேண்டிய கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுகிறது, வெந்துபோகிறது. செத்ததை மட்டும் மாற்றினால் புதிதும் அதே வழியில்தான் போகும்.

லிஃப்டில் ஏற்றுவதற்கு முன் ஸ்கேனர் வழியாக உயரக் கட்டுப்பாட்டை நிறுத்தினாள் அந்தப் பெண். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டிருக்கும்போது வண்டி சட்டென்று காற்றை விட்டால் கை போய்விடும். அதனால் அவள் நிறுத்திய பிறகும் அவர் ஒரு முறை சரிபார்த்தார். அவளும் அதற்காகக் காத்திருந்தாள்.

சோப்புத் தண்ணீர் தெளித்தார்கள். குழாய் இணைப்பு, வால்வுக் கட்டை, பெல்லோ, எதிலும் ஒரு குமிழி இல்லை. நான் ஏமாந்துபோனேன். அவர் அசையவில்லை. "சக்கரம் தொங்குது கண்ணு, ரப்பர் விரிஞ்சிருக்கு. எறக்கிப் பாரு." நான்கு சக்கரமும் தரையில் பதிந்து எடை ஏறியதும் ரப்பர் தன் வழக்கமான இடத்தில் மடிந்தது. கீழே குனிந்து கைவிளக்கைப் பிடித்தோம். மடிப்பின் ஓரத்தில், மயிரிழை விரிசலிலிருந்து சிறு சிறு குமிழிகள் நுரைத்து வந்தன. ஒரு ராத்திரி முழுக்கக் காத்திருந்தது அந்த நுரைக்காகத்தான்.

மெக்கானிக் லாரி ஸ்பிரிங் பட்டை அடிக்கும் உலைக்களத்தில் தொடங்கியவர். முறிந்த பட்டை கண்ணுக்குத் தெரியும், காற்று தெரியாது என்றார். வண்டி தானே உட்காருவது புதிதல்ல. பாரிஸ் கண்காட்சியில் 1955இல் வந்த சிட்ரோயன் டிஎஸ், எஞ்சினை நிறுத்திச் சற்று நேரம் ஆனதும் தானே தாழ்ந்து உட்காரும், கிளப்பினால் எழும். எண்ணெயும் வாயுவும் தாங்கிய அந்த வண்டிக்கு அது இயல்பு. இந்த வண்டிக்கு அது நோய்.

ஸ்கேனரில் இன்னொரு எரர் கோடும் இருந்தது: முன் வலது ஷாக் அப்சார்பரின் மின்வால்வில் சுற்று அறுந்திருக்கிறது என்று. எடையைச் சுமப்பது பெல்லோ. ஆட்டத்தை அடக்குவது ஷாக். அதன் எண்ணெய் போகும் வழியை இந்த வால்வு இறுக்கியும் தளர்த்தியும் தருகிறது. முன்பு பார்த்த இடத்தில் ஷாக்கையே மாற்றச் சொல்லியிருந்தார்களாம். அவள் மல்டிமீட்டரை எடுத்தாள். வால்வின் சுருளில் மின்தடை சரியாகவே காட்டியது. கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு; ஒரு பின் அரித்தே போயிருந்தது. எண்ணெய்க் கசிவு இல்லாத நல்ல ஷாக் குப்பைக்குப் போயிருக்கும். இதைவிடக் கொடுமை, சாதாரண ஷாக்கைப் போட்டு, ஒயரில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகி, எச்சரிக்கை விளக்கை அணைத்து அனுப்புவது. வண்டிக்குள் குழந்தைகள் உட்காருவார்கள். அந்த வேலையை அவர் தொடுவதில்லை.

மதியம் புது பெல்லோ வந்தது. கூடவே கம்ப்ரஸரின் ரிலேயையும் மாற்றினார். முனை ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும் என்று. பெல்லோவை மாட்டியதும் நான் வண்டியை இறக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். முதலில் காற்று. வெறும் பையின் மேல் எடையை இறக்கினால் மடிப்பு கோணலாக விழுந்து புது ரப்பரே கிழியும். ஸ்கேனரில் கட்டளை கொடுத்து, பை உப்பியதைக் கையால் தடவிப் பார்த்த பிறகே இறக்கினார்கள். பிறகு உயரத்தைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்தார்கள்.

மாலையே வண்டி வேண்டும் என்று உரிமையாளர் போனில் கேட்டார். "நாளைக்கு வாங்கிக்குங்க" என்று சொல்லி மெக்கானிக் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் ஏழு மணிக்கு நானும் போனேன். கதவு திறக்கவில்லை. அவள் டேப்பைப் பிடித்தாள். நான்கு எண்களும் நேற்று வேலை முடிந்ததும் அளந்த எண்களே. நோட்டில் எழுதிக்கொண்டு, பின் இடதை மட்டும் இன்னொரு முறை அளக்கச் சொன்னார்.