மாட்டுங்காவில் இலை போட்டவர்கள்

1896இல் வந்த பிளேக்கிற்குப் பிறகு, பம்பாயின் நெரிசலைக் குறைக்க இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வடக்கே மனை பிரித்து அமைத்த பகுதிகளில் ஒன்று மாட்டுங்கா. அரசாங்க வரலாறு இவ்வளவு போதும். எங்கள் பேட்டை உருவானது டைப்ரைட்டராலும் சாம்பாராலும்தான்.

சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்ற பாலக்காட்டு, தஞ்சாவூர்ப் பிள்ளைகள் கோட்டைப் பகுதி ஆபீஸ்களுக்கு வேலைக்கு வந்தார்கள். ஓர் அறையில் நாலைந்து பேர். பகலெல்லாம் துரைக்குக் கடிதம் அடித்துவிட்டு மின்ரயிலில் திரும்பினால் ஒரு கரண்டி ரசம் ஊற்ற வீட்டில் ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் வேண்டுமென்று 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் கண்டவர்கள் இவர்கள். ஆனால் இவர்களுடைய வயிற்றைக் கவனித்தவர்களில் முன்னால் நின்றவர்கள் உடுப்பிப் பக்கத்துக் கொங்கணிக்காரர்கள். நம்மவர்கள் இதை லேசில் ஒப்புக்கொள்வதில்லை.

அவர்களில் ஏ. ராம நாயக் முக்கியமானவர். உடுப்பி அருகே ஒரு கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். 1936இல் கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மைசூர், 1942இல் ஸ்டேஷனை ஒட்டி மாடியில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். கஃபே மைசூர் நான்கு ஆண்டுகளுக்குமேல் தள்ளிப் போயிருந்தால், கஃபே மெட்ராஸைத் திறந்த கோபால் காமத் முந்தியிருப்பார், அது 1940. போர்டிங்கில் நாயக் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கோசம்பரி, பொரியல், கூட்டு, சாம்பார், ரசம், மோர் என்று ஊரில் அம்மா போடுவது எதுவோ அதையே வாழை இலையில் போட்டார். மனைவி கைச்சமையல் கிடைக்காத குமாஸ்தாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? விரும்பியவர்கள் அடுப்படிக்குள் போய்ப் பார்க்கலாம். திங்கட்கிழமை விடுமுறை; அன்றைக்குத்தான் பேட்டைக்கே பசி அதிகம்.

அந்தச் சாப்பாட்டை நம்பியே ஸ்டேஷன் வாசலில் ஒரு சந்தை வளர்ந்தது. வாழை இலைக்கட்டு, சேப்பங்கிழங்கு, வாழைப்பூ, முருங்கைக்காய், ஆஸ்திக சமாஜக் கோயிலுக்குப் போகிற மல்லிகைச் சரம் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். தாதரில் இறங்கி வாங்கினால் விலை குறையும்தான். ஆனால் அங்கே தமிழில் பேரம் பேச முடியாதே!

இப்போது? மூன்றுமாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. எழும்பும் கோபுரங்களின் விலையைக் கேட்டால் ஓய்வுபெற்ற ஸ்டெனோவுக்கு மயக்கம் வரும். பிள்ளைகள் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். ருயா கல்லூரி மாணவர்களை வளர்த்த மணீஸ் லஞ்ச் ஹோம்கூட செம்பூருக்குப் பெயர்ந்துவிட்டது. இங்கே ரசாயனப் பொறியியல் படித்த முகேஷ் அம்பானி தனக்குப் பிடித்தது கஃபே மைசூர் என்று சொன்னாலும் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை நடைபாதை எங்களுக்கு இல்லை. கைப்பேசியை நீட்டிக்கொண்டு தோசையைப் படமெடுக்கும் கூட்டம், தோசைக்குள் சீஸ். கார்களை எங்கே நிறுத்துவது என்று மாநகராட்சி யோசித்ததாகவே தெரியவில்லை. தெருமுனையில் முக்கால் மணி நேரம் காத்திருந்து காபி குடிக்கும் வயதா எனக்கு?