மம்சாபுரத்தில் ஒரு நட்சத்திரக் கேள்வி

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியவன் பால்கோவா வாங்காமல் அடுத்த பஸ் ஏறினால், ஒன்று அவனுக்குச் சர்க்கரை வியாதி இருக்க வேண்டும், அல்லது அவன் ஊருக்குப் புதுசாக இருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை. அரைக் கிலோ வாங்கிக்கொண்டு மம்சாபுரம் டவுன் பஸ்ஸில் தொற்றினேன். பஸ் முழுக்கப் பெண்கள். அவர்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் என்னிடம் வந்தபோது, அன்றைய டீசல் செலவு மொத்தமும் என் பாக்கெட்டில்தான் இருக்கிறது என்பது போல ஒரு பார்வை பார்த்தார்.

ஆண்டாள் கோயில் கோபுரம் பின்னால் சின்னதாகிக்கொண்டே போக, மேற்கே மலை பெரிசாகிக்கொண்டே வந்தது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பேரூராட்சி மம்சாபுரம். தென்னந்தோப்பு, கண்மாய், டீக்கடை பெஞ்ச். அந்த மலைக்காடு 2021-ல் புலிகள் காப்பகமாகிவிட்டது. அதற்கு முன்னால் அது சாம்பல் நிற அணில்களின் சரணாலயம். அணிலிலிருந்து புலிக்குப் பிரமோஷன்! எங்கள் ஆபீசில் கிளார்க்குக்கு இப்படி ஒன்று கிடைத்து நான் பார்த்ததில்லை.

என்னை வரச் சொன்னது என் தாய்மாமா. எண்பதை நெருங்குகிறார். முப்பது வருஷம் எல்.ஐ.சி. ஏஜெண்டாக இருந்தவர்.

"வாங்க மாப்ளே! வீட்டுக்கு வெள்ளையடிக்கணும். தாத்தா டிரங்குப் பெட்டியில ஒரே காயிதம். நீ பி.காம். படிச்சவன். எது வேணும், எது வேணாம்னு பார்த்துச் சொல்லு."

பி.காம். படித்ததற்கு இதுவரை இந்தச் சமூகம் எனக்குக் கொடுத்த பெரிய மரியாதை இதுதான்.

பெட்டியில், நூல் போட்டுக் கட்டிய ஒரு கட்டு இருந்தது. அத்தனையும் பிரீமிய ரசீதுகள். தாத்தா ராஜபாளையத்தில் மில் தொழிலாளி. ஆயிரம் ரூபாய்க்குப் பாலிசி போட்டிருக்கிறார். கட்டின் மேல்பக்கத்து ரசீதுகளில் யாரோ ஒரு தனியார் கம்பெனியின் பெயர். 1956 கடைசியிலிருந்து எல்.ஐ.சி.யின் பெயர். அந்த வருஷம்தான் நாட்டில் இருந்த இருநூற்று நாற்பத்துச் சொச்சம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளையும் சங்கங்களையும் சர்க்கார் சேர்த்து வாரிக்கொண்டு எல்.ஐ.சி.யை ஆரம்பித்தது.

"61-ல அப்பா போயிட்டாரு. எனக்குப் பதினாலு வயசு. ஆயிரம் ரூபாய் வந்துச்சு. உங்க அம்மாச்சி அதுல ரெண்டு எருமை வாங்கினா. அந்தப் பால்லதான் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சேன், உங்கம்மா கல்யாணம் நடந்துச்சு." மாமா ரசீதுக் கட்டைத் தடவினார். "57-ல இந்தப் பணத்துலயும் ஒருத்தன் கையை வச்சான், தெரியுமா?"

தெரியும். பி.காம். வகுப்பில் வாத்தியார் சொன்னபோது நான் தூங்கினேன். பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஹரிதாஸ் முந்த்ரா என்று கல்கத்தாவில் ஒரு பங்கு வியாபாரி. கழுத்து வரை கடன். 1957 ஜூனில், அவர் கையிலிருந்த ஆறு கம்பெனிப் பங்குகளை எல்.ஐ.சி. வாங்கியது. ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு! இதைப் பார்த்துச் சொல்வதற்கென்றே எல்.ஐ.சி.யில் முதலீட்டுக் கமிட்டி ஒன்று இருந்தது. அதைக் கேட்கவில்லை. சில பங்குகளுக்கு மார்க்கெட் விலையைவிட அதிகமாகவே கொடுத்தார்கள். பொண்டாட்டி நகையை வைத்துப் பணம் கேட்கிற மச்சானுக்குக்கூட நாம் இவ்வளவு தாராளம் காட்ட மாட்டோம்.

விஷயம் வெளியே வந்தது பார்லிமெண்டில். அதுவும் ஒரு கேள்வியில். செப்டம்பரில் ராம் சுபக் சிங் என்ற பீகார் எம்.பி. கேட்டார். பதில் வழவழவென்று நழுவியது. நவம்பரில் மறுபடி கேட்டார்கள். இந்தத் தடவை பதில் சொல்ல எழுந்தவர் நிதி அமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. நம்ம மெட்ராஸ்காரர். மகா புத்திசாலி. எல்.ஐ.சி. வழக்கமாகப் பங்கு வாங்குகிற மாதிரிதான் இதுவும் என்கிற தோரணையில் அவர் பதில் சொல்லப் போக, துணைக் கேள்விகள் கிளம்பிவிட்டன. என்ன விலை? யார் சொல்லி? கமிட்டியைக் கேட்டீர்களா?

டிசம்பரில் பெரோஸ் காந்தி கணக்கும் கையுமாக எழுந்தார். அவர் ஆளுங்கட்சிக்காரர். பிரதமர் நேருவின் மாப்பிள்ளை வேறு! மாமனாரின் மந்திரி சபையைப் பார்த்து மாப்பிள்ளை கேள்வி கேட்கிறார் என்றால், அந்த வீட்டு தீபாவளி எப்படி நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஜனவரியில் நீதிபதி எம்.சி.சாக்ளா தலைமையில் விசாரணைக் கமிஷன். பம்பாயில் வெளிப்படையாகவே நடந்தது. உள்ளே இடமில்லாத ஜனங்களுக்காக வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். பிப்ரவரியில் அறிக்கை. அமைச்சர், தன் செயலாளர் செய்ததற்குத் தான் எப்படிப் பொறுப்பு என்று கேட்டுப் பார்த்தார். சாக்ளா ஒப்புக்கொள்ளவில்லை. அதிகாரி செய்தாலும் பொறுப்பு அமைச்சருடையதே என்று எழுதிவிட்டார். அந்த மாதமே டி.டி.கே. ராஜினாமா. (1962-ல் மறுபடி மந்திரியானார், அடுத்த வருஷமே அதே நிதி இலாகா. அது வேறு கதை.)

ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த ஒன்றேகால் கோடியால் எல்.ஐ.சி. முழுகியிருக்காது. அம்மாச்சிக்கு ஆயிரம் ரூபாய் எப்படியும் வந்திருக்கும். ஆனால் பிறந்து ஒரு வயசு நிரம்பாத நிறுவனம் அது. முதல் தடவை கை வைத்தபோது யாரும் கேட்காமல் விட்டிருந்தால், இரண்டாவது தடவை ஒன்றேகால் கோடியோடு நின்றிருக்குமா?

"சரி மாப்ளே, அப்ப நம்ம எம்.பி. என்ன கேட்டாரு?" என்றார் மாமா.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் தனி நாடாளுமன்றத் தொகுதி. 1952-ல் காமராஜர் ஜெயித்தது. 1957-ல் ஜெயித்தவர் முத்துராமலிங்கத் தேவர். டிசம்பரில் அந்த விவாதம் நடந்தபோது அவர் சிறையில் இருந்தார். ஆக, மம்சாபுரத்து ரசீதுகளுக்காக டெல்லியில் வாயைத் திறந்தவர்கள் பீகார்க்காரரும் ரேபரேலிக்காரரும்!

சாயங்காலம் டீக்கடைக்குப் போனோம். பெஞ்சில் ஒரு பையன் குரூப் டூ கைடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமா சும்மா இருப்பாரா? "தம்பி, நட்சத்திரக் கேள்வின்னா என்ன?"

"வாய்மொழி பதில் வேணும்னு கேக்கிறது தாத்தா. லோக்சபாவுல ஒரு நாளைக்கு 20. நட்சத்திரம் இல்லாதது 230, அதுக்கு எழுத்துல பதில். பதினஞ்சு நாள் நோட்டீஸ்." மூச்சு விடாமல் ஒப்பித்தான்.

"அது ஏன் நட்சத்திரத்துக்குத்தான் மவுசு?"

பையன் கைடைப் புரட்டினான். கைடில் அது இல்லை. நான் குறுக்கிட்டேன். என் வீட்டு அனுபவத்தில் சொன்னால் சட்டென்று புரியும். 'வர லேட்டாகும்' என்று மனைவிக்கு வாட்ஸ்அப் அனுப்பினால், அது எழுத்து மூலமான பதில். பிரச்னை இல்லை. வாசலில் நிற்கவைத்து 'ஏன் லேட்டு?' என்று கேட்டால், அது நட்சத்திரக் கேள்வி. 'ஆபீஸ்ல வேலை' என்று தயாரித்து வைத்த பதிலைச் சொல்லிவிடலாம். அடுத்து வருமே, 'உங்க ஆபீஸ் நம்பருக்குப் பண்ணினேன், யாரும் எடுக்கலையே?' அது துணைக் கேள்வி. ஆசாமி மாட்டுவது அங்கேதான்.

வெள்ளைக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். பிரிட்டிஷ் பார்லிமெண்டில் பதிவான முதல் கேள்வியே 1721-ல், ஒரு பங்கு மோசடியில் கம்பி நீட்டிய காசாளரைப் பற்றியதுதான். இங்கே 1892 சட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுத்தான், துணைக் கேள்வியைக் கொடுக்கவில்லை! அடுத்த வருஷம் பிங்கா ராஜா முதல் கேள்வியைக் கேட்டார். முகாம் வருகிற அதிகாரிகளுக்குச் சாமான் சப்ளை செய்து கிராமத்துக் கடைக்காரர்கள் படும் அவஸ்தையைப் பற்றி. டீக்கடைக்காரர் இதைக் கேட்டதும், "அப்பவேயா?" என்றார். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. துணைக் கேள்வி கேட்கும் உரிமை 1909-ல்தான் வந்தது, அதுவும் முதலில் கேட்டவருக்கு மட்டும்.

இப்போது உரிமை இருக்கிறது, நேரம்தான் இல்லை. ஒரு மணி நேரத்தில் இருபது நட்சத்திரங்களில் ஐந்தாறு தேறினால் அதிர்ஷ்டம். சபையில் கூச்சல் என்றால் அதுவும் போச்சு. மீதிக் கேள்விகளுக்கும் பதில் காகிதமாகவே வந்துவிடும். 2020 கொரோனா கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டு, எழுத்துப் பதில் மட்டும் போதும் என்றார்கள். வவுச்சரைப் பார்க்காமல் கணக்கில் கையெழுத்துப் போடுகிற ஆடிட்டர் மாதிரி! 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்று ஒரு பதில் உண்டு. அதை அரசு கொடுத்த உறுதிமொழியாக எடுத்துக்கொண்டு, மூன்று மாதத்தில் முடித்தார்களா என்று பார்ப்பதற்கு 1953-லிருந்து ஒரு கமிட்டியே இருக்கிறது.

"காசு வாங்கிக்கிட்டுக் கேள்வி கேட்டாங்களே சார், 2005-ல?" என்றான் பையன். கெட்டிக்காரன். அந்த டிசம்பரில் பதினொரு எம்.பி.க்களின் பதவி பறிபோனது.

"கேள்வி கேக்கவே காசுன்னா," மாமா டம்ளரைக் கீழே வைத்தார், "கேக்காம இருக்க எவ்வளவுப்பா குடுப்பாங்க?"

பையனிடம் அதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன், "நான் கேக்கணும்னா என்ன சார் பண்றது?" என்றான். நேரடியாக முடியாது. இந்த ஊர் 2009-லிருந்து தென்காசித் தொகுதியில் இருக்கிறது. அந்த எம்.பி.க்கு எழுதலாம். அவர் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். காகிதம் வரும், அமைச்சர் எழுந்து நிற்க மாட்டார். பையன் கைடின் ஓரத்தில் பென்சிலால் என்னவோ குறித்துக்கொண்டான். எட்டிப் பார்த்தேன். 'து.கே.' என்று மட்டும் இருந்தது.

ராத்திரி ரசீதுக் கட்டை மறுபடி நூல் போட்டுக் கட்டினோம். "வேணுமா, வேணாமா?" என்றார் மாமா. வேண்டும் என்றேன். பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பால்கோவாவைப் பிரித்தார்.

"எவ்வளவு குடுத்தே?"

விலையைச் சொன்னேன்.

"எந்தக் கடை?"

சொன்னேன்.

"எடை போடுறப்ப டப்பாவோட போட்டானா, டப்பா இல்லாமலா?"

செல்போன் அடித்தது. வீட்டிலிருந்து. எப்போது கிளம்பி வருகிறேன் என்று கேட்டாள்.

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்றேன்.