வண்டி எப்போது சூடாகிறது?

வண்டி சூடாகிறது என்று டீக்கடையில் ஒருவர் வாய் திறந்தால் போதும், நாலு பேர் நாலு வைத்தியம் சொல்வார்கள். ரேடியேட்டரை மாற்று, வாட்டர் பம்ப்பை மாற்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறி, எதற்கும் ஒரு குடம் தண்ணீர் வண்டியில் வைத்துக்கொள். எப்போது சூடாகிறது என்று திருப்பிக் கேட்பவர்தான் அபூர்வம். ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி ஒருவருக்கு அப்படிக் கேட்கும் ஆள் கிடைப்பதற்குள் மூன்று மாதமும் 14,000 ரூபாயும் போய்விட்டன.

அவருக்கு இரண்டரை ஏக்கர் முருங்கையும் தக்காளியும். வண்டி, யாரோ பத்து வருஷம் ஓட்டி விற்ற டீசல் கார். பின் இருக்கையைக் கழற்றிவிட்டு அதில்தான் தக்காளிப் பெட்டிகளை மார்க்கெட்டுக்குக் கொண்டு போவார். மனைவியின் பிறந்த வீடு பாச்சலூரில். வாரத்துக்கு ஒருமுறை உர மூட்டையோடு மலை ஏறி, மலைவாழைத் தாரோடு இறங்குவார். வடகாடு தாண்டி ஏறும்போதுதான் முள் சிவப்பைத் தொட ஆரம்பித்தது.

முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். பிறகு ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்று புதிது போட்டார்கள். அடுத்த வாரமே அதே வளைவில் முள் ஏறியது. இன்னொரு இடத்தில் வாட்டர் பம்ப் மாற்றினார்கள். அதற்கும் சூடு அடங்கவில்லை. மூன்றாவதாகப் பார்த்தவர், ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இன்ஜினைப் பிரித்தால்தான் தெரியும், 30,000 ரூபாய் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தக்காளி விலை அடிமட்டத்தில் கிடந்த நேரம். மனைவியின் செயினை அடகு வைப்பது என்று பேச்சு வந்தபோது அந்த அம்மாள் சம்மதிக்கவில்லை. "டிராக்டர் பாக்குற பெரியவர்ட்ட ஒருக்கா காட்டிட்டு வைப்போங்க" என்றார்.

அந்தப் பெரியவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. பெஞ்சில் உட்கார வைத்து, "எப்ப சூடாகுது தம்பி?" என்று கேட்டார்.

"மலை ஏறுறப்ப."

"பழனி ரோட்டுல அறுபதுல போனா?"

"ஒண்ணும் ஆகலை."

"மார்க்கெட்டுல வரிசையில நிக்கிறப்ப?"

விவசாயி யோசித்தார். அங்கேயும் ஏறியிருக்கிறது. வெயில் என்று விட்டுவிட்டார்.

இந்த மூன்று பதில்களில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. இன்ஜினில் எரியும் எரிபொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலையாகிறது. மீதியெல்லாம் சூடு. அதில் ஒரு பகுதி புகையோடு வெளியே போகும், ஒரு பகுதியைத் தண்ணீர் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்கு வரும். அங்கே அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளக் காற்று வேண்டும். அறுபதில் ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நின்றாலும், இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறினாலும், காற்றை இழுத்துத் தர வேண்டியது ஃபேன். ஆக, வேகத்தில் ஒழுங்காக இருந்து மெதுவில் சூடானால் ஃபேன் பக்கம் பார்க்க வேண்டும். ஊருக்குள் நன்றாக இருந்து நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போது சூடானால், தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்று பொருள்: ரேடியேட்டர் குழாய்களில் அடைப்பு, பம்ப்பின் இறக்கை தேய்வு, அல்லது இழுப்பில் ஒட்டிப்போகும் கீழ் ஹோஸ். ஸ்டார்ட் செய்த சில நிமிஷத்திலேயே சூடானால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது தண்ணீரே இல்லை. ஒரே காய்ச்சல்தான், ஆனால் காலையில் வருவதும் மாலையில் வருவதும் ஒன்றல்ல என்று வைத்தியர்கள் சொல்வார்களே, அது போல.

பெரியவர் ஃபேன் என்று சொல்ல வாயெடுத்தபோதே அந்த அம்மாள் குறுக்கிட்டார். "அண்ணே, ஒண்ணு சொல்றேன், தப்பா இருந்தா விட்ருங்க. அத்தையைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப அவங்களுக்கு மூச்சு முட்டுதுன்னு ஏ.சி. போட்டோம். டவுனுக்குள்ள அரை மணி நேரம் நின்னு நின்னு போனோம். அன்னிக்கு முள்ளு ஏறவே இல்ல."

ஏ.சி. போட்டால் இன்ஜினுக்குச் சுமை கூடும், சூடு அதிகமாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால்தான் கணவர் அதை நம்பவில்லை, ஒர்க்‌ஷாப்பிலும் சொல்லவில்லை. பெரியவருக்கோ அது பாதி வேலையை முடித்துக் கொடுத்தது. இந்த மாதிரி கார்களில் ஏ.சி. போட்டதும் ஃபேன் தானாக ஓடும். அதற்கு வேறு வழியாகக் கரன்ட் வருகிறது. அப்படியானால் ஃபேன் மோட்டார் நல்லது. தண்ணீர் சூடானதும் ஃபேனை ஓடச் சொல்ல வேண்டிய சுவிட்சுதான் பேசவில்லை.

ரேடியேட்டரின் அடிப்பக்கம் திருகியிருக்கும் அந்தச் சுவிட்ச் கட்டைவிரல் பருமன்தான். பெரியவர் சாவியை ஆன் செய்யச் சொல்லி, சுவிட்சில் செருகியிருந்த சாக்கெட்டை உருவி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தார். ஃபேன் சுற்றியது. சுவிட்சைக் கழற்றிப் பார்த்தால், தண்ணீருக்குள் இருந்த முனை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புப் பக்கு. ரேடியேட்டரைப் புதிதாகப் போட்டவர்கள் பழைய சுவிட்சை அப்படியே அதில் மாட்டியிருந்தார்கள்! சொட்டுநீர்க் குழாயின் துளைகளை அடைக்கிறதே, அதே போர் தண்ணீரின் உப்புதான். பக்கைச் சுரண்டிவிட்டு, கொதிக்கும் தண்ணீரில் முனையைப் பிடித்து பல்பு வைத்துச் சோதித்தார்கள். அப்போதும் எரியவில்லை. சுண்ணாம்பால் கெட்டதா, வயதாகிக் கெட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. புதுச் சுவிட்ச் 450 ரூபாய்.

பெரியவர் அதோடு விடவில்லை. மூன்று மாதம் அடிக்கடி சூடேறிய இன்ஜின். அலுமினிய ஹெட் இருந்தால் அது வளைந்துபோயிருக்கலாம், அப்போது கேஸ்கெட்டும் போயிருக்கும். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் மோர் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெளுக்கவில்லை. இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பார்த்தார். தொடர்ந்து குமிழி வந்தால் எரிவாயு தண்ணீருக்குள் கசிகிறது. குமிழி வரவில்லை. வெளியே ஒழுகாமல் தண்ணீர் குறைவது, சூடேறிய பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, இவையும் அதே நோயின் அறிகுறிகள். நல்லவேளை, எதுவும் இல்லை. செயின் கழுத்தில் நின்றது.

மூடியைப் பற்றியும் அவர் கணவன் மனைவி இருவரிடமும் சொன்னார். பிரஷர் குக்கர் தெரிந்தவர்களுக்கு அது புதிதல்ல. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அழுத்தம் கூடினால் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் தளர்ந்தால் அந்த அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியேறும். அதே காரணத்தால் சூடான வண்டியில் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்டவுடன் உள்ளே இருப்பது முகத்தில் பீறிடும். நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிட்டு, மேல் ஹோஸைத் தொட்டு அமுக்கிப் பார்த்து, அது தளர்ந்த பிறகு தடித்த துணி போட்டுத் திறக்க வேண்டும். காய்ந்த இன்ஜினில் குடத்துத் தண்ணீரைச் சடாரென்று ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும் வண்டிகள் உண்டு. பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா என்று விவசாயி கேட்டார். ஊரில் பாதி வண்டிகளில் அது இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நெடுநேரமாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். சந்தேகம் இருந்தால் அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து அதில் தொங்கவிட்டால் போதும். 82 முதல் 88 டிகிரிக்குள், அதாவது தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே, அது வாய் திறக்க ஆரம்பிக்க வேண்டும். கொதித்தும் திறக்காததைத்தான் தூக்கிப் போட வேண்டும்.

இப்போது அந்தக் காரில் போர் தண்ணீர் போவதில்லை. பழையதை வடித்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவி, கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றியிருக்கிறார்கள். சொட்டுநீர்க் குழாய்க்கு விடுகிற ஆசிட்டையே ரேடியேட்டருக்கும் கொஞ்சம் விடலாமா என்று அவர் கேட்டதற்கு, அலுமினியத்தை அது தின்றுவிடும் என்று பெரியவர் தடுத்துவிட்டார். மாதம் ஒருமுறை ரேடியேட்டரின் முன்பக்கத் தகடுகளில் ஒட்டிய பூச்சியையும் பதரையும் மெல்லிய தண்ணீர் வீச்சால் உள்ளிருந்து வெளியாகக் கழுவுகிறார். பம்ப் செட்டின் முழு வேகத்தில் அடித்தால் தகடு மடங்கிவிடும்.

அந்த அம்மாளுக்குப் பெரியவர் தனியாக ஒன்று சொல்லி அனுப்பினார். முள் சிவப்புவரை போய்ச் சட்டென்று அடிமட்டத்துக்கு விழுந்தால் வண்டி குளிர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் முழுக்க வெளியேறி, சென்சார் வெறும் ஆவியில் நிற்கிறது என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம். அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். "அவரு ஓட்டட்டும், முள்ளை நீங்க பாருங்க தாயி" என்றார்.